நாலாவது கால்

ஏனுங்க சார், அந்தப் பையை மேல வெக்காதீங்க. கம்ப்யூட்டர்தானுங்களே உள்ள? மேல தகரம் காஞ்சு கெடக்கு. புரட்டாசின்னு பேருதான், வெயில் சித்திரையாட்டம் அடிக்குது. மடியிலயே வெச்சுக்குங்க. நான் கொஞ்சம் சன்னல் பக்கமா நகந்துக்கறேன். இப்பச் செரியா இருக்குதா? உக்காருங்க.

எனக்குக் கம்ப்யூட்டர்ல ஒண்ணும் தெரியாதுங்க. எழுதறது, அடிக்கறது ஒண்ணும் தெரியாது. ஆனா அது எதனால சூடாகும், எத்தனை டிகிரி போனா தானா அணைஞ்சுக்கும், உள்ள இருக்கற விசிறி எப்படி உக்காந்திருக்கும், அதெல்லாம் தெரியும். போன சித்திரை பூரா அதோடயேதான் கெடந்தேன். இன்னைக்கு இந்த பஸ்ஸுல ஏறினதும் அதாலதானுங்க. நீங்களும் சிங்காநல்லூர் வரைக்குங்களா? நல்லதாப் போச்சு. ஒண்ணரை மணி நேரம் ஆகும்.

நான் வெள்ளகோயிலுங்க. பேரு சென்னியப்பன். கரண்டாபீசுல வயர்மேனா இருந்து ரிட்டையர் ஆனவன். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். கம்பத்துல ஏறாமயே, கீழ நின்னு ஒரு பார்வை பாத்தா எங்க பழுதுன்னு சொல்லிருவேன். பெருமைக்குச் சொல்லலைங்க. வெள்ளகோயில்ல யாரை வேணா கேளுங்க. வீட்டுக்காரி ருக்மணி தவறி நாலு வருஷமாச்சு. இருபத்தெட்டு வருஷம் என்கூட இருந்தா, ஒரு நாள் அக்கட்டால போயித் தங்கினதில்லை. பொறந்த வீட்டுக்குப் போனாலும் பொழுதோட திரும்பிரோணும். நான் விட்டதில்லைங்க. அப்படி வெச்சிருந்தேன் அவளை.

ஒரே புள்ளை. பிருந்தா. கட்டட இன்ஜினியருக்குப் படிச்சவ. திருப்பூர்ல குடுத்தோம். பனியன் கம்பெனிக்காரங்க. மூணு வருஷங்கூட ஆகலை. கல்யாணமான அடுத்த வருஷம் அவங்க யாவாரம் படுத்துப் போச்சு. அதுக்கு எம்புள்ளை என்ன பண்ணுவா சொல்லுங்க? "இவ காலெடுத்து வெச்ச நாள்ல இருந்து தொட்டதெல்லாம் கெட்டுப் போகுது"ன்னு மாமியாக்காரி தெனமும் சொல்லியிருக்கா. அந்தப் பையன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், "சும்மா இரும்மா"ன்னு சொல்லலை. போன மாசி மாசம் ஒரு டெம்போ ஆட்டோவுல வந்து எறங்கினா. ரெண்டு பை, அப்பறம் பெட்ஷீட்டுல சுத்தின அந்தக் கம்ப்யூட்டர் பொட்டி. அவ்வளவுதான் கொண்டாந்தா. நகை எங்கன்னு கேட்டேன். "இதுதாம்பா என்னுது"ன்னு பொட்டியக் காட்டினா.

அதுல அவளுக்கு என்ன வேலைன்னா, வீடு கட்டறதுக்கு முன்னாலயே அந்த வீடு எப்படி இருக்கும்னு படம் போட்டுக் காட்டறது. சாதாப் படம் இல்லைங்க. வாசல்ல நொழைஞ்சு, ஹாலுக்குப் போயி, படியேறி, மொட்டைமாடி வரைக்கும் நாமளே நடந்து போறாப்புல இருக்கும். சன்னல் வழியா வெயில் விழுந்தா தரையில அந்தக் கம்பி நெழல்கூடத் தெரியும். அப்படி ஒரு படம் முடியறதுக்கு மிஷின் நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம் நிக்காம ஓடோணும்.

அதுதான் ஓட மாட்டேன்னுச்சு. பத்து நிமிசம் ஓடும், பொட்டுனு அணைஞ்சிரும். மறுக்காப் போட்டா மறுக்கா பத்து நிமிசம்.

பங்குனி கடைசியில கோயமுத்தூர்ல ஒரு பெரிய ஆபீஸ்ல இருந்து அவளைக் கூப்பிட்டுப் பேசினாங்க. "ஒரு வீட்டுப் படம் செஞ்சு அனுப்புங்க, ஏப்ரல் இருவத்தஞ்சாந் தேதிக்குள்ள வேணும், நல்லா இருந்தா உங்களுக்கு வேலை"ன்னு. எம்புள்ளை மூஞ்சி அன்னைக்கு எப்படி இருந்துச்சுங்கறீங்க!

"சர்வீஸ்ல குடுத்துரலாம்பா. காங்கேயத்துல ஒரு கடை இருக்குதாம், லோகநாயகின்னு ஒரு அக்கா பாக்கறாங்களாம்"னா.

"ஏன் அம்மிணி, வயர்மேன் வீட்டுல இருந்துட்டு ரிப்பேருக்கு ஒரு பொம்பளைகிட்டக் கொண்டு போவியா? நான் பாக்கறேன் விடு"ன்னேன்.

பாத்தேனுங்க. மொதல்ல கரண்டுலதான் கோளாறுன்னு நெனச்சேன். எங்க வீதியில மத்தியானமானா வோல்டேஜ் எறங்கும். ஸ்டெபிலைசர் போட்டேன். அப்பவும் அணைஞ்சுச்சு. பிளக்கை மாத்தினேன். மீட்டர் பொட்டியில இருந்து தனியா ஒரு லைன் இழுத்தேன். எர்த்து சரியில்லையோன்னு கொல்லையில குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுப் புதுசா எர்த்து வெச்சேன். அறுவத்தஞ்சு வயசுல கடப்பாரை புடிச்சேன் சார். அப்பவும் அணைஞ்சுச்சு.

அதுக்கப்பறந்தான் அவ சொன்னா. "கரண்டு இல்லைப்பா. ப்ராசஸர் சூடாகுது. இங்க பாருங்க"ன்னு திரையில ஒரு மூலையைக் காட்டினா. அதுல நம்பர் ஓடுது. எழுவது, எம்பது, தொண்ணூறு. நூறைத் தொட்டதும் அணைஞ்சிருச்சு. "இதுதாம்பா மிஷினுக்கு மூளை. வெந்து போயிரக் கூடாதுன்னு அதுவே அணைச்சுக்குது"ன்னா. இந்தப் பச்சைப் பட்டனை அமுக்கினா படம் ஓடும், இந்த மூலையில சூட்டைப் பாத்துக்கோணும்னு எனக்கும் சொல்லிக் குடுத்தா. அவ சோறாக்கறப்ப நான் உக்காந்து நம்பரைப் பாத்துட்டு இருப்பேன்.

மேசைக்கு அடியில இருந்த பொட்டியைத் தூக்கி மேல வெச்சோம். பக்கத்து மூடியக் கழட்டிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வெச்சோம். பெயின்ட் பிரஷ்ஷால தூசு தட்டினேன். தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ வரவே இல்லை. எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன், பழுது எங்கன்னு எனக்குக் கெடைக்கவே இல்லைங்க. தேதியும் போச்சு. வேலையும் போச்சு. புள்ளையும் கோவிச்சுட்டுக் கோயமுத்தூர் போயிட்டா. அஞ்சு மாசமாச்சு, ஒரு போன் இல்லை. பெத்த அப்பன்கிட்ட ஒரு மிஷினுக்காகப் பேசாம இருக்கலாமுங்களா? நீங்களே சொல்லுங்க.

பல்லடம் வந்துருச்சாட்ட இருக்குது. இங்க டீ குடிக்க நிறுத்துவாங்களோ என்னமோ. நிறுத்த மாட்டானா? சரி போகட்டும்.

என்னுங்க? மிஷினுக்காகவா பேசாம இருப்பாங்கன்னு கேக்கறீங்களா?

சார், ஒண்ணு சொல்லறேன். பழுது கெடைக்கலைன்னு சொன்னேனில்லைங்க. அது பொய்.

கெடைச்சுது.

சித்திரை ஆறாந் தேதி. அன்னைக்கு அவ திருப்பூர் கோர்ட்டுக்குப் போயிருந்தா, விவாகரத்து மனுவுல கையெழுத்துப் போட. நானும் வர்றேன்னு சொன்னேன், "வேண்டாம்பா, நானே போயிட்டு வந்தர்றேன்"னுட்டா. வீட்டுல நான் மட்டும். சும்மா இருக்க முடியாம பொட்டியைத் தொறந்து டார்ச் அடிச்சுப் பாத்தேன். அந்த மூளை மேல ஒரு அலுமினியக் கட்டி இருக்கும், அது மேல சின்ன விசிறி. மூளையோட சூட்டைக் கட்டி உறிஞ்சிக்கும், விசிறி அதை ஊதித் தள்ளும். கட்டி நல்லா அமுந்தி உக்காந்தாத்தான் சூடு கட்டிக்குள்ள ஏறும். அதுக்கு நாலு மூலையிலயும் நாலு பிளாஸ்டிக் கால். மூணு கால் போர்டுல எறங்கி இருக்குது. நாலாவது கால் மட்டும் ஒரு நூல் அளவு எழும்பி நிக்குது. திருப்பூர்ல இருந்து டெம்போவுல வந்த ஆட்டத்துல வெளிய வந்திருக்கும்போல. அவ்வளவுதானுங்க பழுது. கட்டி ஒரு பக்கமாச் சாஞ்சு, அதுக்கும் மூளைக்கும் நடுவால சந்து விழுந்து போச்சு.

பெருவெரலால அமுக்கினேன். "டக்"னு ஒரு சத்தம். உக்காந்துருச்சு.

பச்சைப் பட்டனை அமுக்கிட்டு முன்னால உக்காந்தேன். அம்பத்தெட்டு. அறுவது. அறுவத்தி ரெண்டு. பத்து நிமிசமாச்சு, அரை மணியாச்சு, ஒரு மணி நேரமாச்சு. அறுவத்தஞ்சைத் தாண்டவே இல்லை. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. சர்வீஸ்ல எத்தனையோ ஊருக்கு லைட் எரிய வெச்சிருக்கேன், அந்த மாதிரி ஒரு சந்தோசம் வந்ததில்லை. பட்டனை நிறுத்திட்டு, அவளுக்குப் புடிச்ச அரிசிம்பருப்பு சோறு ஆக்கி வெச்சேன். அவ வந்ததும் ஒண்ணும் சொல்லாம மிஷினை ஓட விட்டு, அவளே நம்பரைப் பாத்துக் கத்தட்டும்னு இருந்தேன்.

பொழுதோட வந்தா. கோர்ட்டுக்குப் போயிட்டு வந்தவ அழுதுட்டு வருவான்னு பாத்தா, சிரிச்சுட்டு வர்றா. செருப்பைக்கூடக் கழட்டலை.

"அப்பா, கையெழுத்துப் போட்டாச்சு. திருப்பூர்ல இருந்து அப்படியே கோயமுத்தூர் போயி அந்த ஆபீஸ் பக்கத்துல ஒரு ஹாஸ்டல் பாத்துட்டு வந்துட்டேன். படம் மட்டும் அனுப்பிட்டன்னா மே ஒண்ணாந் தேதி போயிருவேம்பா. ரூம்ல தெக்கப் பாத்த சன்னல் இருக்கு"ன்னா.

ஒண்ணாந் தேதின்னா இன்னும் பன்னெண்டு நாள்.

நான், "சந்தோசம் அம்மிணி, போயிக் குளிச்சுட்டு வா, சாப்பிடலாம்"னேன்.

அவ குளிக்கப் போனா. தண்ணி விழற சத்தம் கேக்குது. நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேனுங்க. அந்தக் கால் தலையில ஒரு சின்ன அம்புக்குறி போட்டிருக்கும். அது காட்டற பக்கம் கால்வாசி திருப்பினா பூட்டு விட்டுரும். திருப்பினேன். மேல இழுத்து விட்டேன். மூடியப் போட்டு, நாலு திருகாணியும் முடுக்கிட்டு, கை கழுவிட்டு, எலை போட்டேன்.

இதை யாருகிட்டயும் சொன்னதில்லை. உங்ககிட்டச் சொல்லறேன்.

அவ சாப்பிட்டுட்டுப் போயி மிஷினைப் போட்டா. எட்டு நிமிசத்துல அணைஞ்சுச்சு. "அய்யோ"ன்னா. நானும் "அய்யோ"ன்னேன்.

நீங்க என்னைக் கெட்டவன்னு நெனைக்காதீங்க. அந்த வீட்டுல தனியா இருந்து பாத்தாத்தான் தெரியும். ருக்மணி போயி, புள்ளையும் கல்யாணமாகிப் போனதுக்கப்பறம் ரெண்டு வருஷத்துக்கு மேல என் செருப்புச் சத்தம் எனக்கே கேக்கும். ஹாஸ்டல்ல என்ன சோறு போடுவாங்க? ராத்திரி ஜொரம் வந்தா யாரு கஷாயம் வெச்சுக் குடுப்பாங்க? ஒருக்கா ஒருத்தனை நம்பி அனுப்பி, அவ பட்டது போதாதா? கொஞ்ச நாள் என்கூட இருக்கட்டும், ஒடம்பு தேறட்டும், ஆடி முடிஞ்சதும் நானே அந்தக் காலை அமுக்கி விட்டுரலாம்னுதான் நெனச்சேன். அவ நல்லதுக்குத்தானுங்க.

அந்த மூணு வாரம் இருக்குது பாருங்க, சார். எப்படிச் சொல்லறது. வரையற வேலையெல்லாம் முடிஞ்சு, இனி படத்தை ஓட்டறது மட்டுந்தான் பாக்கி. மிஷின் பத்து நிமிசம் ஓடும். அப்பறம் அரை மணி நேரம் அது ஆறோணும். அந்த அரை மணி நேரம் அவ என்கூட வந்து உக்காருவா. அதுக்கு முன்னால அவ என்கூட உக்காந்ததே இல்லைங்க. ரூம்ல கதவைச் சாத்திட்டு மிஷினோடயேதான் இருப்பா. இப்ப ஒரு நாளைக்குப் பத்து தடவை வந்து உக்காந்து பேசறா. அவங்கம்மாவைப் பத்திப் பேசினோம். திருப்பூர்ல நடந்ததெல்லாம் ஒண்ணொண்ணாச் சொன்னா. ஒரு நாள் பேப்பரும் பென்சிலும் எடுத்துட்டு வந்து, "உங்களுக்கு ஒரு வீடு வரையட்டுமாப்பா? எத்தனை ரூம் வேணும்?"னு கேட்டா.

"ரெண்டு"ன்னேன்.

"நீங்க ஒருத்தர்தானே, ரெண்டாவது ரூம் யாருக்கு?"

"உனக்குத்தான்."

பென்சில் கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்பறம் வரைஞ்சா. அந்தப் பேப்பரை எடுத்து வெச்சிருக்கேன்.

என்ற ஆயுசுல அந்த மாதிரி மூணு வாரம் முன்னயும் இருந்ததில்லை, பின்னயும் இல்லை. பொய் சொல்லலைங்க.

அவ என்னென்னமோ பண்ணிப் பாத்தா. படத்தைச் சின்னச் சின்னத் துண்டாப் பிரிச்சு, பத்துப் பத்து நிமிசமா ஓட்டினா. பாதி துண்டுல அணைஞ்சா அந்தத் துண்டு வீணு. டேபிள் ஃபேன் முன்னால ஈரத் துணி கட்டினா. மொகம் பூரா வேர்த்து வடியுது, ஃபேனை மிஷினுக்கு விட்டுட்டு அவ விசிறி இல்லாம உக்காந்திருப்பா. நடுவால ரெண்டு தடவை, "காங்கேயம் கொண்டு போலாம்பா"ன்னு கேட்டா. "வெளிய குடுத்தா உள்ள இருக்கற சாமானை மாத்திருவாங்க அம்மிணி. நான் இன்னொருக்காப் பாக்கறேன்"னு சொல்லிட்டேன். நம்பினா. அப்பன் சொன்னா நம்ப மாட்டாளா?

இருவத்தஞ்சாந் தேதி போன் பண்ணி ஒரு வாரம் கேட்டா. குடுத்தாங்க. நல்ல மனுசங்கதான். இன்னொரு வாரம் கேட்டா. அதுக்கு மேல அவங்களும் என்ன பண்ணுவாங்க? வேற ஆளைப் போட்டுட்டோம்னுட்டாங்க.

போனை வெச்சுட்டு வந்து எம் பக்கத்துல உக்காந்தா. அழுகலைங்க. ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாத்தா. அப்பறம் சொல்றா:

"அத்தை சொன்னது நெசந்தாம்பா. நான் தொட்டதெல்லாம் இப்படித்தான் கெட்டுப் போகுது."

சார், அப்பச் சொல்லியிருக்கோணும். தெரியுது. அந்த ஒரு நிமிசம், "இல்லை அம்மிணி, உன்ற கையில ஒண்ணுமில்லை, நான்தான்"னு சொல்லியிருந்தா அவ என்னை அடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்லை. வாய் வரைக்கும் வந்துச்சு. எந்திரிச்சுப் போயி டீ வெச்சேன். சக்கரை கொஞ்சம் கூடப் போட்டுக் குடுத்தேன். குடிச்சா. "நீங்க இல்லைன்னா நான் என்ன ஆயிருப்பேனோப்பா"ன்னா.

அதைக் கேட்டு எனக்கு மனசு குளுந்துச்சுங்க. அதையும் சொல்லிர்றேன்.

ரெண்டு நாள் கழிச்சு நான் பென்சன் ஆபீஸ் வேலையா வெளிய போயிருந்தேன். அவ பொட்டியைத் தூக்கிட்டு காங்கேயம் போயிட்டா. வேலைதான் போச்சே, இனி எதுக்குன்னு நெனச்சிருப்பேன் நான். எம்புள்ளை அப்படி இல்லைங்க. அடுத்த வேலைக்கு மிஷின் வேணுமில்லைன்னு போயிருக்கா.

லோகநாயகின்னு சொன்னேனே, அந்தப் பொம்பளை. கண்ணாடி போட்டுட்டு, கட்டையா, என்ற தம்பி சம்சாரத்தாட்டம் இருக்கும். பொம்பளை என்னத்தைப் பாக்கும்னு நெனச்சேன். மூடியக் கழட்டின ரெண்டாவது நிமிசம் சொல்லிருச்சாம். "இந்த விசிறிக் கால் ஒண்ணு கழண்டிருக்கு கண்ணு. யாரு கழட்டினாங்க?"ன்னு.

"யாரும் கழட்டலைக்கா. டெம்போவுல வந்துச்சு, அந்த ஆட்டத்துல கழண்டிருக்கும்"னு எம்புள்ளை சொல்லியிருக்கா.

"ஆட்டத்துல வந்திருந்தா தலை நேரா இருக்கும் கண்ணு. இது அம்புக்குறிப் பக்கம் திரும்பியிருக்குது. தானாத் திரும்பாது. இங்க பாரு, ஸ்க்ரூ டிரைவர் கிழிச்ச கோடு"ன்னு லென்ஸ் வெச்சுக் காட்டியிருக்கு.

பின்னால நான் அந்தக் கடைக்குப் போனப்ப அந்தம்மாவேதான் இதை என்கிட்டச் சொன்னது. எம்புள்ளை ரொம்ப நேரம் அந்தக் கோட்டையே பாத்துட்டு நின்னாளாம்.

நான் வீட்டுக்கு வர்றப்ப அவ வந்திருந்தா. மிஷின் ஓடிட்டு இருக்குது. மூலையில அறுவத்தி ஒண்ணுன்னு நம்பர்.

"அப்பா, நீங்க இந்த விசிறியக் கழட்டினீங்களா?"

"நானா? இல்லையே. எலி கிலி பூந்திருக்குமோ என்னமோ"ன்னேன்.

எலி! எலி ஸ்க்ரூ டிரைவர் புடிக்குமுங்களா? வாயில வந்துருச்சு. அவ என்னையவே பாத்தா. மறுபடியும் கேப்பான்னு நெனச்சேன். கேக்கலை. எந்திரிச்சுப் போயி எனக்குத் தோசை ஊத்தினா. நான் சாப்பிடறதை எதுத்தாப்புல உக்காந்து பாத்தா. தக்காளிச் சட்னி. "போதுமாப்பா"ன்னு கேட்டா. நான் தலையை நிமித்தலை.

காலையில ஆட்டோ வந்து நிக்குது. வந்தப்பக் கொண்டாந்த அதே ரெண்டு பை. கம்ப்யூட்டரை எடுக்கலை. "பொட்டி?"ன்னேன். "இருக்கட்டும்"னா. நான் வாசப்படியில நிக்கறேன். அவ ஆட்டோவுல ஒரு காலை வெச்சுட்டுத் திரும்பினா. சத்தம் போடலைங்க. சண்டை போட்டிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

"மூணு வாரமா நான் என்னையே திட்டிட்டு இருந்தேம்பா. நீங்க பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருந்தீங்க. அத்தையாவது மூஞ்சிக்கு நேராச் சொன்னாங்க"ன்னா.

அவ்வளவுதான். போயிட்டா.

அஞ்சு மாசம். தெனமும் காலையில ஒருக்கா, பொழுதோட ஒருக்காப் போன் பண்ணுவேன். மணி அடிக்கும். எடுக்க மாட்டா. நம்பரை அடைச்சும் வெக்கலை பாருங்க, மணி அடிக்குது. அது ஒண்ணுதான் எனக்குத் தைரியம். லோகநாயகி கடைக்குப் பத்து தடவை போயிருப்பேன். "ஐயா, ரிப்பேர் பத்திக் கேளுங்க, சொல்லறேன். அந்தப் புள்ளையைப் பத்தி மட்டும் கேக்காதீங்க"ன்னு மூஞ்சியில அடிச்சாப்புல சொல்லிருச்சு. அவ மறுபடியும் ஒரு மிஷின் வாங்கிட்டா போல, அந்தம்மாதான் ஏதோ சாமான் பார்சல்ல அனுப்புது. போன வாரம் போனப்ப பார்சல் மேசை மேல இருந்துச்சு. அந்தம்மா தண்ணி குடிக்க அக்கட்டால திரும்புச்சு. நான் அட்ரஸைப் பாத்துட்டேன். சிங்காநல்லூர்ல ஒரு வீதி. வெளிய வந்து கையில எழுதிக்கிட்டேன். வேற வழி இல்லைங்களே.

அதான் இன்னைக்குக் கெளம்பிட்டேன். அவளுக்குத் தெரியாது. சொன்னா வேண்டாம்னு சொல்லுவா.

சூலூர் தாண்டிருச்சுங்களா? இன்னும் கால் மணி நேரம்.

சார். ஒரு ஒதவி. கோவிச்சுக்காதீங்க. உங்க போன்ல இருந்து ஒரே ஒரு கால் போட்டுக் குடுப்பீங்களா? என் நம்பர்னா எடுக்க மாட்டா. நம்பர் எனக்கு மனப்பாடம். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். "வீட்டுக்குப் படம் போடறவங்கதானுங்களா?"ன்னு மட்டும் கேளுங்க. சத்தம் வெளிய கேக்கறாப்புல வெச்சுருங்க. நான் பேச மாட்டேன். சத்தியமாப் பேச மாட்டேன். அவ கொரலை ஒருக்காக் கேட்டுட்டா, எறங்கிப் போயிக் கதவைத் தட்டறதுக்கு எனக்கு ஒரு தெம்பு வரும். அவ்வளவுதான்.

இதுல என்ன தப்புங்க? அவளுக்குத் தெரியவே போறதில்லையே.

போடறீங்களா? நல்லா இருப்பீங்க சார். சொல்லறேன், அடிங்க. தொண்ணூத்தெட்டு… நாப்பத்தி ரெண்டு… ஆமா. மிச்சம் அஞ்சு… ஏழு… ஆமாங்க, அதான்.

அடிக்குது. ஷ்ஷ்.

எடுத்துட்டா. அவதான். கேளுங்க சார், கேளுங்க.

…

ஏனுங்க வெச்சுட்டாளா? கட் ஆயிருச்சா?

கேட்டீங்கதானே, என்ன சொன்னான்னு? எனக்குச் சரியாக் கேட்டுச்சான்னு தெரியலை. நீங்க ஒண்ணும் தப்பாப் பேசலைங்க, நான் சொன்னபடிதான் கேட்டீங்க. நான் மூச்சுக்கூட விடலை. எப்படிங்க கண்டுபுடிச்சா? அந்தக் கண்டக்டர் "சிங்காநல்லூர் எறங்கறவங்க முன்னால வாங்க"ன்னு கத்தினான், அதுல இருந்தா?

"பக்கத்துல அப்பா இருக்காருங்களா?"ன்னுதானே மொதல்ல கேட்டா உங்ககிட்ட. அப்பறம், "அப்பா, பேசறதுன்னா உங்க போன்ல இருந்து நீங்களே பேசுங்க. இப்படி வேண்டாம்பா"ன்னா. அப்படித்தானுங்களே சொன்னா? "இப்படி வேண்டாம்." கோவமாச் சொல்லலை இல்லைங்க? கொரலு கொஞ்சம் கம்மியிருந்தாப்புல இருந்துச்சு. சளி புடிச்சிருக்குமோ? புது எடத்துத் தண்ணி.

என்னுங்க? இப்பவே என் போன்ல இருந்து கூப்பிடறதா? எடுப்பாங்கறீங்களா? எடுப்பா. நீங்க சொல்றது சரிதான். கூப்பிடச் சொல்லித்தான் சொல்லியிருக்கா. எடுப்பாளாட்டத்தான் இருக்குது.

எடுத்தா நான் என்ன சொல்லறதுங்க?

அந்தக் காலைத் திருப்பினது நான்தான்னு இதுவரைக்கும் அவகிட்ட என் வாயால சொன்னதில்லை. எலின்னு சொன்னதுதான் கடைசி. அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், லோகநாயகிக்குத் தெரியும், இப்ப உங்களுக்கும் தெரியும். ஆனா நான் சொன்னதில்லை. உங்ககிட்டச் சொல்லறதுக்கு எப்படியோ வாய் வந்துருச்சு. அவகிட்டன்னா… போனைச் சட்டைப் பையிலயே போட்டுக்கறேன்.

சிங்காநல்லூர் வந்துருச்சு. எந்திரிங்க, எந்திரிங்க, எறங்கறவங்க நிக்கறாங்க. பையைப் பாத்துப் புடிங்க. உங்க நேரத்தைப் பூராக் கெடுத்துட்டேன்.

இல்லைங்க, இன்னைக்கு வேண்டாம். அவளும் இப்ப வேலையில இருப்பா, எடைஞ்சல் பண்ணக் கூடாது. இன்னொரு நாள் வர்றேன். மனசுல நல்லா ஒருக்காச் சொல்லிப் பாத்துட்டு, அப்பறம் வர்றேன்.

சார், ஒரே நிமிசம். வெள்ளகோயிலுக்குத் திரும்பிப் போற பஸ்ஸு எந்தப் பக்கமுங்க நிக்கும்?